மட்டக்களப்பில் தாய்மார் சேவைக் கணக்கெடுப்பு: எதைக் கேட்பது, எங்கே போய்க் கேட்பது?

கல்லடிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கிழக்கு மாகாணத்தில் கர்ப்பிணித் தாய்மாருக்கு என்ன தேவை, இருக்கிற சேவை அதற்குப் போதுமா என்று பார்க்கும் கணக்கெடுப்பு ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். மட்டக்களப்பு மாவட்டம் என் பொறுப்பில். கேள்விக்கொத்து கொழும்பிலிருந்து வந்தது, 14 பக்கம்.

நேற்று முன்னோட்டமாக 20 தாய்மாரிடம் கேட்டுப் பார்த்தேன். "பிள்ளை எங்கே பிறந்தது, வீட்டிலா வைத்தியசாலையிலா?" 20 பேரும் வைத்தியசாலை. "கிளினிக் போனீர்களா?" 20 பேரும் ஆம். "இரும்புச்சத்துக் குளிசை கிடைத்ததா?" ஆம். மூன்றாம் பக்கம் வரும்போது ஒரு அம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ள, கிடைச்சதைத்தான் கேக்கிறீங்க. கிடைக்காததைக் கேக்கிற பக்கம் எப்ப வரும்?"

பதினான்கு பக்கத்திலும் தேடினேன். அப்படி ஒரு பக்கம் இல்லை. கேள்விகளை மாற்ற எனக்குக் கொஞ்சம் இடம் தந்திருக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் பிள்ளை பெற்றவர்கள், பெற்றவர்களைப் பார்த்துக்கொண்டவர்கள், வேலை செய்தவர்கள் சொல்லுங்கள். எதைக் கேட்க வேண்டும்?

ஒரு சந்தேகி

தங்கச்சி, கோபிக்க வேண்டாம். இந்தக் கணக்கெடுப்பே வீண்செலவு என்பது என் அபிப்பிராயம். 1930களில் இந்த நாட்டில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2000க்கும் மேல் தாய்மார் இறந்தார்கள். இன்றைக்கு அது 30ஐ ஒட்டி நிற்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து ஊர் ஊராக மருத்துவமாது (கர்ப்பிணிகளையும் தாய்மாரையும் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் அரச ஊழியர்) வைத்து வளர்த்த அமைப்பு இது. காசும் இல்லை, எல்லாம் இலவசம். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனமே 2019இல் அறிவித்துவிட்டது. 100க்கு 99 பிரசவம் வைத்தியசாலையில் நடக்கிற நாட்டில் "தேவை மதிப்பீடு" என்று 14 பக்கம் எதற்கு? அந்தக் காசுக்கு நாலு சைக்கிள் வாங்கிக் கொடுக்கலாம்.

தரவுத்தம்பி

சந்தேகி அண்ணன் சொன்ன எண்கள் சரி. அது நாட்டின் எண் என்பதைத்தான் மறந்துவிட்டார்.

குடித்தொகை மற்றும் சுகாதார அளவீடு என்று ஒன்று நடக்கும். 2000இல் நடந்ததில் வடக்கும் கிழக்கும் இல்லை. 2006–07இல் கிழக்கு சேர்ந்தது, வடக்கு இல்லை. 2016இல்தான் 25 மாவட்டமும் உள்ளே வந்தன. அதாவது "இலங்கை இப்படி முன்னேறியது" என்று காட்டுகிற வரைபடக் கோட்டின் முதல் பாதியில் எங்கள் அம்மாமார் யாருமே இல்லை. வாகரையில் ஷெல் விழுந்த காலத்துப் பிரசவங்கள் எந்தச் சராசரியிலும் சேரவில்லை.

இரண்டாவது, மரண விகிதத்தை மாவட்ட மட்டத்தில் வைத்து எதுவும் சொல்ல முடியாது. கணக்குக்காக ஆண்டுக்கு 10,000 பிரசவம் என்று வையுங்கள். ஒரு தாய் இறந்தால் விகிதம் 10. மூன்று பேர் இறந்தால் 30. அடுத்த ஆண்டு தற்செயலாக ஒருவர் மட்டும் என்றால் "மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது" என்று யாராவது மேடையில் பேசுவார். மாவட்டத்துக்குள் இருக்கிற ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு மட்டத்துக்கு இறங்கினால் பெரும்பாலான ஆண்டுகளில் விடை பூச்சியம்தான். அங்கே தேவை ஒன்றும் இல்லை என்று அதற்குப் பொருளா?

அதனால் இறப்பை எண்ணுவதோடு நிறுத்தாமல், இறக்கப் போய்த் தப்பியவர்களைத் தேடச் சொல்கிறார்கள். குருதிப்பெருக்கில் பல பைண்ட் இரத்தம் ஏற்றப்பட்டவர், வலிப்பு வந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தவர், கர்ப்பப்பை எடுக்க வேண்டி வந்தவர். இவர்களின் எண்ணிக்கை இறந்தவர்களைவிடப் பல மடங்கு. இன்னொன்று, இவர்களிடம் கேட்கலாம். பதில் சொல்ல உயிரோடு இருக்கிறார்கள். தங்கச்சியின் கேள்விக்கொத்தில் இவர்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறதா?

கல்லடிக்காரி

இல்லை, தம்பி. "சிக்கல் ஏதும் ஏற்பட்டதா? ஆம் / இல்லை" என்று ஒரே ஒரு வரி. அதற்கு 20 பேரில் 17 பேர் "இல்லை" என்றார்கள். அதில் இரண்டு பேரின் கிளினிக் கார்டைப் பார்த்தேன், இரத்த அழுத்தம் சிவப்பில் வட்டமிட்டிருந்தது. பிள்ளை சுகமாகக் கையில் இருந்தால் அது அவர்களுக்குச் சிக்கல் இல்லை.

சைக்கிள் மிஸ்

மகள், நான் படுவான்கரையில் 31 வருடம் மருத்துவமாதாக வேலை செய்து பென்சன் எடுத்தவள். ஊரில் என்னை "சைக்கிள் மிஸ்" என்றுதான் சொல்வார்கள். கடைசி ஆறு வருடம் ஸ்கூட்டியில் ஓடினேன், அப்போதும் பேர் மாறவில்லை.

வெளியூர்க்காரர் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கு இந்தப் பக்கம், சூரியன் எழுகிற கடற்கரைப் பக்கம் எழுவான்கரை. அந்தப் பக்கம், வயலும் காடும் மேட்டுநிலமும் உள்ளது படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை எங்கள் பகுதித் தாய்மார் வாவியைக் கடந்தது "பாதை"யில். பாதை என்றால் ரோடு இல்லை. இரண்டு வள்ளத்தின் மேல் பலகை அடித்து ஆளும் வாகனமும் ஏற்றும் மிதவை. இரவில் பாதைக்காரனைக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். ஒரு முறை நடுவாவியில் பிள்ளை பிறந்து, பாதைக்காரர் தன் சாரத்தைக் கிழித்துக் கொடுத்தார். அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் பாதை பிறகும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்கிற "கிளினிக் போனீர்களா" எல்லாம் என் பதிவேட்டிலேயே இருக்கும். தாயின் கையில் எச் 512 என்ற கர்ப்பப் பதிவுக் கார்டு, மருத்துவமாதிடம் அதன் இணைப் பிரதி. எட்டுக் கிழமைக்குள் பதிய வேண்டும் என்பது இலக்கு. பெரும்பாலானவர்கள் பதிந்துவிடுவார்கள். பதியாதவர்கள் யார் என்று பாருங்கள், மதிப்பீடு அங்கேதான் தொடங்குகிறது. என் அனுபவத்தில் பிந்தி வருகிறவர்கள் மூன்று மாதிரி. 16, 17 வயதில் காதலித்துக் கூட்டிக்கொண்டு ஓடிய பிள்ளை, பதிவுத் திருமணம் இல்லை, பொலிசுக்குப் பயம். மூத்த மகள் பெரியவளான பிறகு தானும் உண்டாகி வெட்கப்படுகிற 40 வயதுத் தாய். மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து திரும்பியவள், எந்த மாதம் நின்றது என்று அவளுக்கே தெரியாது. மூவருக்கும் ஆபத்து அதிகம். மூவரும் உங்கள் 20 பேரில் இருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, கொழும்புக் கேள்விக்கொத்துக்குத் தெரியாதது. எங்கள் ஊரில் பெண் தாய் வீட்டிலேயே இருப்பாள். வீடு அவள் பேருக்கு, மாப்பிள்ளைதான் வந்து சேர்வான். மாமியார் கொடுமை என்று மற்ற இடங்களில் சொல்வது இங்கே குறைவு. பிள்ளைத்தாச்சிக்குத் தலையிடித்தால், முகம் வீங்கினால், பிள்ளை துடிப்புக் குறைந்தால் முதலில் கண்டுபிடிப்பவள் அவளுடைய தாய்தான். நாங்கள் ஆபத்து அறிகுறி சொல்லிக் கொடுப்பதும் பாதி அந்தக் கிழவிக்கே. ஆனால் இப்போது எத்தனை வீட்டில் அந்தத் தாய் இருக்கிறாள்? சவுதியிலும் குவைத்திலும் வீட்டுவேலை. மகளின் சீதன வீட்டைக் கட்டத்தான் போயிருப்பாள். மகள் அந்தப் புதுவீட்டில் தனியே உண்டாகி இருப்பாள், கணவன் வயலில் அல்லது கொழும்பில் மேசன் வேலையில். வட்சப்பில் அம்மாவிடம் முகத்தைக் காட்டினால் வீக்கம் தெரியுமா?

"வீட்டில் பெரிய மனுசி யாராவது இருக்கிறார்களா?" இந்த ஒரு கேள்வியைச் சேருங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசுவோம்.

கிரான் மருமகன்

மிஸ் சொன்ன "வந்து சேர்ந்த மாப்பிள்ளை" நான். சொந்த ஊர் ஆரையம்பதி, கட்டியது கிரானுக்கு மேற்கே. புலிபாய்ந்தகல், குடும்பிமலை, வடமுனைப் பக்கம் தெரிந்தவர்களுக்கு மாரியில் அந்தப் பாலம் என்ன பாடுபடுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. தண்ணீர் பாலத்துக்கு மேலே போகும். போக்குவரத்து உழவு இயந்திரத்தில் அல்லது தோணியில்.

மனைவிக்கு 36 கிழமை. மார்கழி. விடிய 3 மணிக்கு வயிற்றுக்குத்து. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தேன். நல்ல மாதிரிப் பேசினார்கள், தமிழில்தான், அம்புலன்சும் புறப்பட்டது. ஆனால் அது அந்தக் கரையில்தான் வந்து நிற்க முடியும். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு என் பொறுப்பு. உழவு இயந்திரக்காரரை எழுப்பி, டீசல் தேடி, பெட்டியில் வைக்கோல் போட்டு, குடை பிடித்து, அம்புலன்சில் ஏற்றும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. கடவுள் புண்ணியம், தாயும் பிள்ளையும் சுகம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஆஸ்பத்திரியில் (எது என்று சொல்ல விரும்பவில்லை) ஒருவர் "ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள், அறிவு இல்லையா" என்று ஏசினார். அது போகட்டும், இரவு முழுக்க நித்திரை இல்லாமல் நிற்கிறவர்கள். பிறகு கோவையைப் பார்த்தேன். "தாமதமாக வந்தார்" என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். ஆறும் இல்லை, பாலமும் இல்லை. நாளைக்கு யாராவது அந்தக் கோவைகளை எண்ணினால் "தாய்மாரின் அசட்டை" என்று ஒரு கட்டத்தில் என் மனைவி விழுவாள்.

தரவுத்தம்பி

கிரான் அண்ணன், இதைத்தான் படிப்பில் "மூன்று தாமதங்கள்" என்பார்கள். வீட்டில் முடிவெடுக்கப் பிந்துவது முதலாவது, வழியில் பிந்துவது இரண்டாவது, ஆஸ்பத்திரிக்குள் போன பிறகு சிகிச்சை பிந்துவது மூன்றாவது. உங்கள் கோவையில் இரண்டாவதை முதலாவதாக எழுதியிருக்கிறார்கள். முதலாவது என்றால் விழிப்புணர்வுக் கருத்தரங்கு வைப்பார்கள். இரண்டாவது என்றால் பாலம் கட்ட வேண்டும். எது மலிவு என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு சந்தேகி

பாலம் வீதி அபிவிருத்திக்காரரின் வேலை. சுகாதாரக் கணக்கெடுப்பில் அதை ஏன் இழுக்கிறீர்கள்?

கிரான் மருமகன்

அண்ணன், நீங்கள் மாரியில் ஒரு முறை அந்தப் பெட்டியில் ஏறி வாருங்கள். பிறகு அது யாருடைய வேலை என்று பேசுவோம்.

நைட் டியூட்டி

பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், பிரசவ வாட்டில் வேலை செய்கிறேன். ஏசியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், நான் ஏசவில்லை என்றாலும். அப்படி ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏச்சு வாங்கியவள் அடுத்த பிள்ளைக்குப் பிந்தியே வருவாள். அதனால் "உங்களை எப்படி நடத்தினார்கள்" என்பதைக் கட்டாயம் கேளுங்கள், ஆனால் வாட்டில் வைத்துக் கேட்காதீர்கள். கட்டிலில் கிடக்கிறவள் தாதி காதுபட என்ன சொல்வாள்? "நல்லாப் பார்த்தாங்க" என்பாள். துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் ஆகி) வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்துக் கேளுங்கள். பிரசவ அறையில் ஒரு பெண் துணை நிற்க விட்டார்களா என்றும் கேளுங்கள்.

வசதியை மதிப்பிடுவது பற்றி ஒன்று. இருக்கிற பொருளைப் பட்டியல் போட்டால் எல்லா இடத்திலும் எல்லாம் இருக்கும். அவசர மகப்பேற்றுச் சேவை என்று பார்க்கும்போது கேட்க வேண்டியது, கடைசி மூன்று மாதத்தில் அதைச் செய்தீர்களா என்பது. நாளத்தில் அன்டிபயோட்டிக் ஏற்றியது, கர்ப்பப்பை சுருங்க மருந்து போட்டது, வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட் கொடுத்தது, தங்கிய நச்சுக்கொடியைக் கையால் எடுத்தது, கருச்சிதைந்த மிச்சத்தை அகற்றியது, வக்குவம் வைத்துப் பிரசவம் பார்த்தது, மூச்செடுக்காத பிள்ளையை மூச்செடுக்க வைத்தது. ஏழும் நடந்தால் அடிப்படைச் சேவை. அதோடு சிசேரியனும் இரத்தம் ஏற்றுவதும் நடந்தால் முழுச் சேவை. வக்குவக் கருவி அலுமாரியில் இருக்கும், கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். சின்ன ஆஸ்பத்திரிகளில் இது யாருடைய குற்றமும் இல்லை. தாய்மார் அதைத் தாண்டி நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். அங்கே பிரசவம் குறைய, ஊழியருக்குக் கைப்பழக்கம் போகிறது. கைப்பழக்கம் போனதால் இன்னும் ஆட்கள் தாண்டிப் போகிறார்கள். இந்தப் பக்கம் எங்கள் வாட்டில் நெரிசல்.

உலக அளவில் வைத்திருக்கிற அளவுகோல், 5 லட்சம் மக்களுக்கு இப்படி 5 இடம், அதில் ஒன்றாவது முழுச் சேவை. மட்டக்களப்பில் 2012 கணக்கெடுப்பில் 5 லட்சத்து 25 ஆயிரத்துக்கு மேல். அளவு தைத்த சட்டை மாதிரிப் பொருந்துகிறது. இனி எங்கள் பெரிய ஆஸ்பத்திரிகளை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, நடுவில் போதனா வைத்தியசாலை, ஏறாவூர், வாழைச்சேனை. ஐந்தும் எந்தக் கரையில் இருக்கின்றன?

சைக்கிள் மிஸ்

ஐந்தும் எழுவான்கரையில், மகள். கடற்கரை ரோட்டில் பஸ் பிடித்தால் ஒரு நாளில் ஐந்தையும் பார்த்துவிட்டுப் பின்னேரத் தேத்தண்ணிக்கு வீட்டுக்கு வரலாம். எங்கள் பக்கம் இருப்பது பிரதேச வைத்தியசாலைகள்தான். இரவில் அங்கிருந்து அனுப்பினால் வழியில் யானை. வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள், ஓட்டோக்காரர் இரவு ஏழுக்குப் பிறகு வர மாட்டார். "வைத்தியசாலைக்கு எத்தனை கிலோமீற்றர்" என்ற கேள்வியை வெட்டிவிட்டு "இரவு 12 மணிக்கு வலி வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்" என்று கேளுங்கள்.

கல்முனையான்

நண்பர்களே, மட்டக்களப்போடு நிற்காமல் எங்களையும் பாருங்கள். அம்பாறை மாவட்டத்தைச் சுகாதாரத் திணைக்களம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது, அம்பாறை ஒன்று, கல்முனை ஒன்று. நாட்டில் 25 மாவட்டம், ஆனால் 26 பிராந்திய சுகாதாரப் பணிமனை இருப்பது எங்களால்தான். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கேட்டால் ஒரு எண், பணிமனையில் கேட்டால் இரண்டு எண். இரண்டையும் கூட்டாமல் ஒன்றை மட்டும் "அம்பாறை மாவட்டம்" என்று தலைப்புப் போட்ட அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன்.

அதோடு எல்லை. களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே பெரியகல்லாறு, துறைநீலாவணைப் பெண்கள் பலர் பிள்ளை பெறக் கல்முனைக்கு வருகிறார்கள், கிட்ட. பிறப்புப் பதிவு நடப்பது பிள்ளை பிறந்த இடத்தில். பிறந்த இடத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் துறைநீலாவணையில் பிள்ளையே பிறப்பதில்லை! மருத்துவமாதின் பதிவேடு ஒன்றுதான் தாய் குடியிருக்கிற இடத்தை வைத்து எழுதப்படுவது. கல்லடித் தங்கச்சி எந்த அட்டவணையை எடுத்தாலும் "பிறந்த இடமா, வசிக்கும் இடமா" என்று முதலில் கேட்டுவிட்டு எடுங்கள்.

பிறகு மொழி. உள்ளே மலைப்பக்கக் கிராமங்களிலிருந்து சிங்களம் மட்டும் பேசுகிற வாட்டுக்குப் போகும் தமிழ், முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். தலையிடியை "ஹிசே கக்குமய்" என்று சொல்லத் தெரியும். கண் மங்கலாகத் தெரிகிறது என்று சொல்லத் தெரியாது. எது ஆபத்தானது என்று நைட் டியூட்டிக்குத் தெரியும்.

நைட் டியூட்டி

இரண்டாவது. இரத்த அழுத்தம் கூடிய தாய் கண் மங்குது என்றால் நாங்கள் ஓடுவோம்.

ஏறாவூர் ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். இழையைப் படித்துக்கொண்டு வந்தேன், எங்கள் பக்கம் பற்றி யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன். எங்களுக்கு ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரம். யானை இல்லை, வெள்ளம் குறைவு. அதனால் எங்களுக்குத் தேவை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

நோன்பு காலத்தில் எத்தனை கர்ப்பிணிகள் கிளினிக்கில் சொல்லாமல் நோன்பு பிடிக்கிறார்கள் தெரியுமா? மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் கழாச் செய்யலாம். ஆனால் "நான் பிடிக்கவில்லை" என்று வீட்டில் சொல்ல வெட்கம். நீரிழிவு உள்ளவளும் பிடிக்கிறாள். மிஸ் கேட்டால் "இல்லை" என்பாள், ஏசுவார்கள் என்று. பெண் டொக்டர் இருக்கிற நாளைப் பார்த்துக் கிளினிக்கைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. இதெல்லாம் "வருகை: ஆம்" என்ற கட்டத்துக்குள் வராது.

வயது விசயத்தையும் மறைக்காமல் சொல்கிறேன், எங்கள் ஆட்கள் கோபித்தாலும் பரவாயில்லை. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டத்தில் 18 வயது என்ற எல்லை இல்லை. சட்டத்தைத் திருத்துவது பற்றிப் பேசிப் பேசியே எங்கள் பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். மிஸ் சொன்ன பக்கத்தில் பதிவில்லாமல் கூடிவாழ்கிற 16 வயது, எங்கள் பக்கத்தில் நிக்காஹ் முடித்த 16 வயது. இடுப்பெலும்புக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் பள்ளிக்கூடம் விட்டது எப்போது என்று கேளுங்கள், வயதை நேரே கேட்டால் 18 என்று வரும்.

இன்னொன்று எழுதவே தயக்கம். உங்கள் கேள்விக்கொத்தில் கருக்கலைப்பு பற்றி ஏதும் இருக்கிறதா? இருந்தால் வீட்டில் வைத்துக் கேட்காதீர்கள். இந்த நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைப்படி தாயின் உயிரைக் காக்க மட்டும்தான் அனுமதி. "செய்தீர்களா" என்று கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்கிறீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் மூன்று நாள் காய்ச்சலோடு கிடந்தாள், டெங்கு என்றார்கள். டெங்கு இல்லை. இதற்கு மேல் எழுதவில்லை.

கல்லடிக்காரி

ராத்தா, கேள்வி 41 அதுதான். நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள், வீட்டு முற்றத்தில் வைத்து. அதை எடுத்துவிடச் சொல்லி இன்றைக்கே எழுதுகிறேன். வாட்டில் கருச்சிதைவுக்குச் சிகிச்சை பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பெயர் இல்லாமல் எடுக்கலாமா என்று கேட்கிறேன்.

ஒரு சந்தேகி

சரி, கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து 14 பக்கத்தை 40 பக்கமாக்கப் போகிறீர்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எந்தத் தாய் இரண்டு மணித்தியாலம் பதில் சொல்வாள்?

சைக்கிள் மிஸ்

தம்பி சொல்வது சரி. அதனால் முதலில் வெட்டுங்கள். "திரிபோசா (கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் சத்துமா) கிடைத்ததா" என்பதை வெட்டுங்கள். கிடைத்ததா இல்லையா என்று என் லெட்ஜர் சொல்லும், 2022இல் எத்தனை மாதம் வரவில்லை என்பதும் அதிலேயே இருக்கும். கேட்பதானால் "யார் சாப்பிட்டது" என்று கேளுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் தாய்க்கு வந்த பொதியை மூத்த பிள்ளைகள் உருண்டை பிடித்து ஒரே நாளில் முடிப்பார்கள். எந்தத் தாய் தடுப்பாள்?

நான் இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறந்து முதல் பத்து நாளில் இரண்டு தரம், பிறகு 14க்கும் 21க்கும் இடையில் ஒரு தரம், 42ஆம் நாளை ஒட்டி ஒரு தரம் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மருத்துவமாதுக்கு 3000 பேர் என்பது கணக்கு. பக்கத்துப் பிரிவு வெற்றிடமாகி இரண்டு வருடம் நான் பதில்கடமை பார்த்தேன், 6000க்கு மேல். அந்தக் காலத்தில் வேலிக்கு வெளியே சைக்கிளில் கால் ஊன்றியபடியே "பிள்ளை பால் குடிக்கிறானா, உனக்குக் காய்ச்சல் இல்லையே" என்று கேட்டுவிட்டு "வீட்டுத் தரிசிப்பு" என்று எழுதினேன். எல்லோரும் எழுதினோம். மாத அறிக்கையில் என் பிரிவு நூற்றுக்கு 90க்கு மேல். தாயின் தையலைப் பார்க்காத 90. எனக்கு அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

அதனால் "மிஸ் வந்தாரா" என்று கேட்காதீர்கள். "மிஸ் உட்கார்ந்தாரா" என்று கேளுங்கள்.

நைட் டியூட்டி

மிஸ், இதை எழுதியதற்கு நன்றி. எங்களிடம் மீண்டும் வருகிற தாய்மார் அந்த நாட்களில்தான் வருகிறார்கள். வீட்டுக்குப் போய் ஐந்தாம் நாள், ஏழாம் நாள். காய்ச்சல், வெட்டுக்காயம் பழுத்தது, இரத்தப்போக்கு. பிரசவத்தோடு ஆபத்து முடிந்தது என்று ஊரில் நினைக்கிறார்கள். மகப்பேற்று மரணம் என்று எண்ணுவதே பிரசவித்து 42 நாள் வரைக்கும்.

மனமும் இருக்கிறது. பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோப் படிவம் என்று 10 கேள்வி உண்டு, தமிழிலும் இருக்கிறது. கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்த நினைத்தது பற்றி. அதைக் கணவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள். ஆம் என்று சொன்னால் அடுத்து யாரிடம் அனுப்புவீர்கள் என்பதையும் முடிவு செய்துவிட்டுக் கேளுங்கள். பதில் வாங்கிக்கொண்டு கோப்பை மூடுவது பாவம்.

தரவுத்தம்பி

ஒரு தாய் இறந்தால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பெருமைப்பட இருக்கிறது. ஒவ்வொரு மரணமும் குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கு அறிவிக்கப்படும். வைத்தியசாலையிலும் விசாரணை, வீட்டுக்கும் போய் விசாரணை, பிறகு மாவட்டத்தில் ஒவ்வொன்றாக மேசையில் வைத்துப் பேசுவார்கள். யாரைத் தண்டிப்பது என்று பேசுவதில்லை, எங்கே தவறியது என்றுதான் பேச்சு. இந்த நாட்டின் 30க்கு அதுவும் ஒரு காரணம். என் ஆசை, தப்பியவர்களில் ஒரு பத்துப் பேருக்காவது அதே மாதிரி உட்கார்ந்து பேசிப் பாருங்கள். 600 பேருக்கு ஆம்/இல்லை கேட்பதைவிட அந்தப் பத்து அதிகம் சொல்லும். மாதிரி தெரிவு செய்யும்போது 14 பிரதேச செயலகப் பிரிவுக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள். வாகரை, கிரான், வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளிக்குக் கூடுதலாக எடுங்கள். மாவட்ட எண் வேண்டுமென்றால் பிறகு நிறை போட்டுச் சரிசெய்யலாம்.

கல்லடிக்காரி

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு முழுக்க இருந்து 14 பக்கத்தை 6 ஆக்கினேன். முதல் பக்கத்தில் இப்போது நாலே கேள்வி. இரவு 12 மணிக்கு வலி வந்தபோது அல்லது வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள். வீட்டில் பெரிய மனுசி யார் இருந்தார். வாசலிலிருந்து வாட் வரை என்னென்னவற்றில் ஏறினீர்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம். பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு யார் வந்து உட்கார்ந்து பார்த்தார். கொழும்பில் இரண்டாவது கேள்விக்கு விளக்கம் கேட்டார்கள். சைக்கிள் மிஸ்ஸின் பதிவை அப்படியே அனுப்பினேன், பெயர் இல்லாமல். ஒத்துக்கொண்டார்கள். தப்பிய பத்துப் பேர் பற்றி இன்னும் பதில் இல்லை.

கிரான் மேற்குப் பகுதிக்கு ஆவணியில் போகத் திட்டம். ரோடு நன்றாக இருக்கும் என்றார்கள்.

சைக்கிள் மிஸ்

மகள், ரோடு நன்றாக இருக்கிற மாதத்தில் போய் ரோடு நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வரப் போகிறாயா? கார்த்திகை கடைசியில் போ.

கல்லடிக்காரி

மிஸ், வாகனம் தர மாட்டார்கள் அந்த நேரத்தில். சாரதி மறுத்துவிடுவார்.

சைக்கிள் மிஸ்

அதையே முதல் பக்கத்தில் எழுது.

கிரான் மருமகன்

தங்கச்சி, வாகனத்தைக் கிரான் சந்தியில் விட்டுவிட்டு வாருங்கள். உழவு இயந்திரம் காலை ஏழுக்கு ஒன்று, தண்ணீர் கூடினால் ஒன்பதுக்கு மேல் ஓடாது. மனைவி வீட்டிலேயே இருப்பாள், பக்கத்தில் இந்த மாரிக்குப் பிள்ளை பெற இருக்கிறவர்கள் மூன்று பேர் என்கிறாள், அவர்களையும் பார்க்கலாம். கேள்விக்கொத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு வாருங்கள். பெட்டியில் நின்றுகொண்டுதான் வர வேண்டும்.